கடைசி வீட்டுக்கும் அதே கட்டணம்



டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதியும் நேரமும் எழுதிய ஆஸ்பத்திரி கடிதம், அந்தத் தேதி போன பிறகு வீட்டுக்கு வந்தால் எப்படி இருக்கும்? பிரிட்டனில் சில வருடங்களாகவே இந்தப் புகார் கேட்கிறது. அங்கே அரசு மருத்துவமனைகள் இன்னமும் பல அப்பாயின்ட்மென்ட்களைத் தபாலில்தான் தெரிவிக்கின்றன. செல்போன் பழகாத முதியவர்களுக்கு அந்தக் கடிதத்தை விட்டால் வேறு வழி இல்லை.

இத்தனைக்கும் தபால் சேவை எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்கே காட்டிய நாடு அது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1516-ல், அரச காரியங்களுக்காகத் தொடங்கிய ராயல் மெயில், 1635-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால் ஏழைகளுக்கு அது எட்டாத வசதியாகவே இருந்தது. கடிதத்தை வாங்குகிறவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும். தூரம் கூடினால் கட்டணம் கூடும். ஒரு தாள் இரண்டு தாளானால் கட்டணமும் இரட்டிப்பு. வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து கடிதம் வந்தும், வாங்கக் காசில்லாமல் திருப்பி அனுப்பிய குடும்பங்கள் இருந்தன.

இதை மாற்றியவர் ரோலண்ட் ஹில் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்லும் செலவு, ஒரு பென்னியில் மிகச் சிறிய பங்குதான். ஒவ்வொரு கடிதத்துக்கும் கணக்கு எழுதுவதிலும், வாசல் வாசலாக நின்று காசு வசூலிப்பதிலும்தான் பணமும் நேரமும் போய்க்கொண்டிருந்தன. அப்படியானால் பக்கத்துத் தெருவுக்கு ஒரு விலை, மலைக் கிராமத்துக்கு ஒரு விலை எதற்கு? அனுப்புகிறவர் முன்கூட்டியே ஒரு பென்னி கட்டட்டும், நாடு முழுக்க ஒரே கட்டணம் என்றார். 1840-ல் அது நடைமுறைக்கு வந்தது. உலகின் முதல் ஒட்டும் தபால்தலையும் அந்த ஆண்டு மே மாதம்தான் வந்தது. ஒரே வருடத்தில் கடிதங்கள் இரட்டிப்புக்கும் மேலாகின.

அரசின் தொலைபேசி, எரிவாயு நிறுவனங்களைத் தனியாருக்கு விற்ற பிரதமர் மார்கரெட் தாட்சர்கூடத் தபாலைத் தொடவில்லை. 2013 அக்டோபரில்தான் ராயல் மெயில் பங்குச் சந்தைக்குப் போனது. ஒரு பங்கு 330 பென்ஸ் என்று அரசு விற்றது. முதல் நாள் மாலையிலேயே அது 455 பென்ஸ். பொதுச் சொத்து மலிவாகப் போய்விட்டதே என்று கேட்காதவர்கள் குறைவு. ஊழியர்களுக்குப் பத்து சதவீதப் பங்குகள் இலவசமாகக் கிடைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. விற்பதற்கு முந்தைய வருடமே, ஊழியர்களின் பழைய பென்ஷன் சுமையை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. சுமை மக்களுக்கு, லாபம் பங்குதாரருக்கு. இது என்ன நியாயம்?

2025-ல் செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் கிரெட்டின்ஸ்கியின் குழுமம் 360 கோடி பவுண்டுக்கு ராயல் மெயிலின் தாய் நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அரசு விற்ற 2013-ல் 60 பென்ஸாக இருந்த முதல் வகுப்புத் தபால்தலை, 2025 ஏப்ரலில் 170 பென்ஸ். முதல் வகுப்புக் கடிதங்களில் நூற்றுக்கு 93 மறுநாளே சேர வேண்டும் என்பது அப்போதைய விதி. 2024-25-ல் சேர்ந்தவை 77. கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2.1 கோடி பவுண்டு அபராதம் போட்டது. இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்த்தால் போதும் என்று 2025-ல் விதியும் தளர்ந்தது.

கடிதங்கள் குறைந்துவிட்டன என்பது உண்மை. அரசிடமே இருந்திருந்தாலும் அந்தச் சிக்கல் வந்திருக்கும். டென்மார்க்கில் அரசுத் தபால் நிறுவனமே 2025 முடிவில் கடித வினியோகத்தை நிறுத்துவதாக அறிவித்ததைப் பார்த்தோம். ஆனாலும் கஷ்ட காலத்தில் யாருடைய பையில் முதலில் கை வைப்பது என்ற முடிவு, உரிமையாளர் யார் என்பதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

நமக்கு இதில் என்ன? தூரம் பார்க்காத ஒரே கட்டணம் 1854-ல் நமக்கும் வந்தது. நம் அஞ்சல் துறை இன்றும் மத்திய அரசுத் துறைதான். சுமார் 1.64 லட்சம் அஞ்சலகங்களில் பத்தில் ஒன்பது கிராமங்களில் இருக்கின்றன. பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்கு, மாதாமாதம் கட்டும் ஆர்.டி. என எத்தனை குடும்பங்களின் சேமிப்பு அங்கே இருக்கிறது! சந்தா இதழ்கள் சலுகைக் கட்டணத்தில் உங்கள் வீடு தேடி வருவதும் இந்தத் துறையால்தான். ஆனால் கடிதம் சுமக்கும் தனியுரிமை அரசுக்கு உண்டு என்ற பழைய பிரிவு, 2024 ஜூனில் அமலான புதிய அஞ்சல் சட்டத்தில் இல்லை. பதிவுத் தபாலும் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. சின்னச் சின்ன மாற்றங்கள்தான். கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

அதனால் ஒரு வேண்டுகோள். பக்கத்து அஞ்சலகத்தில் வீட்டுக்கு ஒரு கணக்காவது வைத்திருங்கள். தபால் தாமதமானால் சலித்துக்கொண்டு விட்டுவிடாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். உங்கள் ஊர் கிளை அஞ்சலகத்தை மூடுவதாகப் பேச்சு எழுந்தால் கிராம சபையில் கேள்வி கேளுங்கள். எங்களுக்கும் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்