கிணத்துக்குக் கீழை சவ்வு இல்லை

உயர்தரத்தில் உயிரியல் படிச்ச ஆரைக் கேட்டாலும் கலமென்சவ்வு எண்டால் உடனே ஒரு படம் ஞாபகத்துக்கு வரும். தலையும் ரெண்டு வாலுமா ரெண்டு வரிசையில் நிக்கிற பொஸ்போலிப்பிட்டுகள், இடைக்கிடை உருளைக்கிழங்கு மாதிரிப் புரதங்கள். ரெண்டு நிமிசத்தில் நானும் கீறுவன். எதுக்கு அம்புக்குறி போட்டால் புள்ளி வரும் எண்டும் தெரியும். பிரசாரணத்தின் வரைவிலக்கணத்தை ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கினனான். அதே காலத்தில் அரியாலை கிழக்கில் எங்கடை வளவுக் கிணத்துத் தண்ணி ஒவ்வொரு ஆடி ஆவணிக்கும் சவர் கூடிக்கொண்டு போனது. தேத்தண்ணியின்ரை ருசி மாறிச்சுது. கடைசியில் குடிக்கிற தண்ணியைக் கானில் வாங்கத் தொடங்கிட்டம். இந்த ரெண்டும் ஒரே பாடம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கும் தோன்றேல்லை.

என்ரை முறைப்பாடு அந்தப் படத்தில்தான் தொடங்குது. அது அசையாமல் நிக்குது. பாக்கிறவனுக்குச் சவ்வு எண்டது வளவைச் சுத்தி அடைச்ச வேலி மாதிரித்தான் விளங்கும். உண்மையில் அது எண்ணெய்ப் படலம் மாதிரி ஓடித் திரியிற ஒரு சாமான். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் எண்ட ரெண்டு ஒல்லாந்து ஆய்வாளர்கள் செங்குருதிக் கலங்களிலிருந்து கொழுப்பைப் பிரிச்செடுத்துத் தண்ணிக்கு மேலே பரப்பிப் பார்த்தார்கள். கலத்தின் மேற்பரப்பைப்போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு பரப்பு வந்தது. அப்ப ரெண்டு அடுக்கு இருக்கவேணும். 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் அந்த அடுக்குகள் பாய்மம் போல அசையும், புரதங்கள் அதுக்குள்ளை மிதக்கும் எண்ட மாதிரியை முன்வைத்தார்கள். பரீட்சைக்கு இந்த ரெண்டாவதின் பெயரைத்தான் கேக்கிறவை. பெயரை எழுதினால் காணும்.

கேக்கவேண்டிய கேள்வி வேறை: சவ்வைச் சவ்வா வைச்சிருக்க என்ன செலவாகுது? எங்கடை கலங்களின் சவ்விலை ஒரு பம்பி இருக்கு. ஒருக்கா வேலை செய்தால் 3 சோடியம் அயன்களை வெளியே தள்ளி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கும். ஜென்ஸ் ஸ்கோ எண்ட டென்மார்க்காரர் 1957இல் இதைப் பற்றி எழுதினார், 1997இல் நோபல் பரிசு கிடைச்சது. நாங்கள் சும்மா படுத்துக் கிடக்கேக்கையும் உடம்பு செலவழிக்கிற சக்தியில் அண்ணளவாகக் கால்வாசி இந்தப் பம்பிக்குத்தான் போகுது. பம்பி நிண்டால் சோடியம் உள்ளே சேரும், அதுக்குப் பின்னாலை தண்ணி வரும், கலம் ஊதும், வெடிக்கும். சவ்வு கிழியவேண்டிய தேவையே இல்லை. வேலை நிண்டால் போதும்.

கடல்நீரேரிக் கரைக்கு வந்தால் இதைக் கண்ணாலை பாக்கலாம். எங்கடை பக்கத்துக் கண்ணா மரத்தின், அதுதான் வெண்கண்டலின், இலையை வெயிலுக்குள்ளை நக்கிப் பாருங்கோ. உப்பு. வேரில் பெரும்பகுதி உப்பை மறிச்சுப்போட்டு, அதையும் தாண்டி வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியேற்றுது. காசில்லாமல் நடக்கிற மாதிரித் தெரியும். ஆனால் அந்த மரம் வெயிலில் உழைச்சதில் ஒரு பங்கை உப்புக்குக் கட்டிக்கொண்டுதான் நிக்குது. கரையைத் துப்புரவாக்கிறம் எண்டு இதுகளை வெட்டுற ஆக்களுக்கு அது வெறும் பத்தை.

இப்ப தாளையடி. 2024 ஓகஸ்டில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரக்கூடியது. அங்கேயும் வேலை செய்யிறது ஒரு சவ்வுதான், ஆனால் செயற்கைச் சவ்வு. 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் சிட்னி லோப்பும், இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜனும் செய்து காட்டிய வழியின் தொடர்ச்சி அது. பிரசாரணத்தில் தண்ணி உப்புக் கூடின பக்கம் போகும். அதை மறுபக்கம் திருப்ப வேணுமெண்டால் தள்ளவேணும். கடல்நீரின்ரை பிரசாரண அமுக்கமே வளிமண்டல அமுக்கத்தின் 25 மடங்குக்கு மேலே. நடைமுறையில் அதைப்போல ரெண்டு மடங்கு அமுக்கம் குடுக்கிறார்கள். அது முழுக்க மின்சாரம். எடுத்த கடல்நீரில் பாதிக்கு மேலே இன்னும் உப்பான கழிவாத் திரும்பக் கடலுக்குப் போகும்.

இந்த நிலையம் வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை. இரணைமடுத் தண்ணியைக் கொண்டுவர முதலில் திட்டம் போட்டது, கிளிநொச்சி விவசாயிகள் தங்கடை வயலை நினைச்சு மறுத்தது, எல்லாம் தெரிஞ்ச கதை. அவையின்ரை மறுப்பில் நியாயம் இருந்தது. குடிக்கிறதுக்குத் தண்ணி எங்கேயிருந்தாவது வரத்தான் வேணும். எனக்குப் பிரச்சினை எங்கை எண்டால், “இனிப் பைப்பில் வரும்தானே” எண்டு சொல்லிப்போட்டுக் கிணத்தைக் கைகழுவுறதில்.

ஏனெண்டால் எங்கடை கிணத்துக்குக் கீழை சவ்வே இல்லை. யாழ்ப்பாணத்துக்கு ஆறு கிடையாது. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளை இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேலே வில்லை மாதிரி மிதக்குது. நல்ல தண்ணிக்கும் உப்புத்தண்ணிக்கும் நடுவிலை தடுப்பு ஒண்டும் இல்லை. நல்ல தண்ணி கொஞ்சம் பாரம் குறைவு எண்டதாலை மட்டும் மேலே நிக்குது. கைபென் – ஹேர்ஸ்பேர்க் எண்டு ரெண்டு பேர் இதுக்குக் கணக்குச் சொல்லியிருக்கினம்: கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி 1 அடி நிண்டால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு இருக்கும். திருப்பிப் பாருங்கோ. இறைச்சு 1 அடி குறைஞ்சால், காலப்போக்கில் கீழையிருந்து உப்பு 40 அடி ஏறப் பாக்கும்.

துலா மிதிச்ச காலத்தில் மனிசர் களைச்சுப்போவினம், கிணறு ஆறும். அந்தக் களைப்புத்தான் இல்லாத சவ்வின்ரை வேலையைச் செய்தது எண்டு நான் நினைக்கிறன். மோட்டர் களைக்காது. துலாவுக்குத் திரும்புங்கோ எண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை, நான் ஒரு நாளும் மிதிச்சதில்லை. ஆனால் தோட்டத்துக்கு எவ்வளவு நேரம் இறைக்கிறது, வளவு முழுக்கச் சீமெந்து போட்டு மழையை றோட்டுக்கு ஓடவிடுறதா எண்ட கேள்வியள் எங்கடை கையிலைதான் இருக்கு.

செய்து பார்க்காத ஊரும் இல்லை இது. உப்பாறு கடல்நீரேரியின் வாயில், அரியாலையில், உவர்நீர்த் தடுப்பணை கட்டினது, மாரியில் மழைத்தண்ணியை வெளியே விடவும் கோடையில் கடலை உள்ளே விடாமல் மறிக்கவும்தான். பொறியியலாளர் ஆறுமுகத்தின் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ திட்டத்தில் அதுக்கும் ஒரு பங்கு உண்டு. தேர்ந்து ஊடுபுகவிடும் மென்சவ்வு எண்டு நாங்கள் எழுதுறதை, அவை பலகைக் கதவாலை செய்யப் பார்த்திருக்கினம். பிறகு கதவுகள் உக்கிச்சுது, பராமரிப்பு நிண்டுது, உப்பு உள்ளே வந்தது. புரதம் செத்த சவ்வு, அவ்வளவுதான். கட்டித் திறந்து கல்வெட்டு வைக்கிறதோட வேலை முடிஞ்சுது எண்டு நினைக்கிற ஆக்களுக்கு அந்தப் பம்பியின்ரை கணக்கை ஒருக்கா விளங்கப்படுத்தவேணும்.

பள்ளிக்கூடங்களில் றியோ இலையின் ஊதாத் தோலை உரிச்சு, சுக்குரோசுக் கரைசலில் போட்டு முதலுருச்சுருக்கம் பாக்கிறவை. கரைசல் தயாரிக்கச் சாமான் இல்லாட்டி அந்தச் செய்முறை படத்தோட போயிடும். போன மாதம் தம்பியோட சேர்ந்து அதே தோலைக் கடல்நீரேரித் தண்ணியில் போட்டுப் பார்த்தன். கொஞ்ச நேரத்தில் ஊதா நிறம் கலச்சுவரை விட்டு விலகி நடுவிலை ஒடுங்கிச்சுது. வேறொரு தோலைக் கிணத்துத் தண்ணியில் போட்டம். ஒண்டும் ஒடுங்கேல்லை.

“அப்ப எங்கடை தண்ணி இன்னும் பிழையில்லை என்ன, அக்கா?” எண்டான்.

கார்த்திகை மழை முடிஞ்ச கையோட எடுத்த தண்ணி அது. ஆவணியிலும் ஒருக்கா எடுத்துப் பாக்கவேணும் எண்டு கொப்பியில் திகதி எழுதி வைச்சிருக்கிறம்.