நிலையான விலாசம்

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் மாலை, எம்மிடம் பயின்று உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். அவன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன்; கல்லூரி விடுதியிலே தங்கிப் படித்தவன். நற்சான்றுப் பத்திரம் பெறுவதற்காகக் கல்லூரிக்கு வந்தவன், என்னையும் கண்டு போக நினைத்தான் போலும். சற்று நேரம் பேசியிருந்தபின், சட்டைப் பையிலிருந்து நீண்ட உறையொன்றை எடுத்து, "ஐயா, இதைப் பாருங்கள்" என்று நீட்டினான்.

அரசாங்கத் தொழிற்பயிற்சி ஒன்றுக்கான நேர்முகப் பரீட்சைக்கு அவனை அழைக்கும் கடிதம் அது. உறையின் மேலிருந்த தபால் முத்திரையின் திகதிக்கும், கடிதம் அவன் கையிற் சேர்ந்த நாளுக்கும் இடையே 16 நாட்கள் கழிந்திருந்தன. நேர்முகப் பரீட்சையோ அதற்கு 4 நாட்களுக்கு முன்னரே முடிந்துவிட்டது.

"யாரிலே பிழை, ஐயா?" என்று கேட்டான். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. தபாற்காரர் கடிதத்தைத் தோட்டக் கந்தோரிலே சேர்த்துவிட்டார். அவர் கடமை அத்துடன் முடிந்தது. கந்தோரிலே அது சில நாட் கிடந்தது. பின்னர் பிரட்டுக்களத்திலே பெயரைக் கூப்பிட்டு, அதே பெயருடைய வேறொருவரின் உறவினரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் திறந்து பார்த்து, தம்முடையதன்று எனக் கண்டு, ஆறுதலாகத் திருப்பிக் கொடுத்தார். இவர்களுள் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். ஆயினும் ஓர் இளைஞனுடைய வாழ்விலே ஓராண்டு வீணாயிற்று.

மதிலும் படலையும் வீட்டு இலக்கமும் உடைய நமக்கு விலாசம் என்பது மூச்சுக் காற்றுப் போன்றது. அது இருப்பதையே நாம் நினைப்பதில்லை. மலைநாட்டு லயத்துக் காம்பராவிலே மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கோ, தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே பெரும்பாலும் விலாசமாக இருந்து வந்தன. ஓரிடத்திலே நெடுங்காலம் வாழ்ந்தும், வாழ்ந்தமைக்குத் தாளிலே சாட்சி இல்லாமையால் அவர்கள் இழந்தது கடிதங்களை மட்டுமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டவர்களுக்கு, 1949ஆம் ஆண்டிலே வேறொரு சட்டம் வழி காட்டியது. ஆனால், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இந்நாட்டில் வசித்ததை நிரூபித்தல் வேண்டும் என்றது அச்சட்டம். ஏறத்தாழ 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தும், ஏறக்குறைய 134,000 பேருக்கே உரிமை கிடைத்தது. எஞ்சியிருந்தோருடைய குறை 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பெரிதும் நீங்கிற்று. வசித்தல் வேறு, வசித்ததைக் காட்டுதல் வேறு என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இத்துன்பம் மலைநாட்டவருக்கே உரியதுமன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபொழுது, எனக்குப் பதினான்கு வயது. அந்த ஆறு மாத காலத்தில் நாங்கள் மூன்று இடங்களிலே குடியிருந்தோம்: முதலில் ஒரு பாடசாலை மண்டபம், பின்னர் உறவினர் ஒருவரின் வளவு, அதன்பின் பாதி வேய்ந்த கொட்டில் ஒன்று. என் தந்தையார் ஓய்வு பெற்ற இலிகிதர். பிறப்புப் பத்திரங்களையும் காணி உறுதியையும் ஓய்வூதியத் தாள்களையும் பொலித்தீன் பையிலே சுற்றி, இரவிலும் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்.

போய்ச் சேர்ந்த மறுநாளே அவர் சாவகச்சேரியிற் கடை வைத்திருந்த தம் பழைய நண்பரிடம் சென்றார். "அண்ணை, எங்களுக்கு வரும் கடிதங்களை உங்கள் கடை விலாசத்துக்கு எடுக்கலாமோ?" என்று கேட்டார். நண்பர் இசைந்தார். அதன்பின் நாங்கள் இருமுறை இடம் மாறியும், தந்தையார் கடித விலாசத்தை மாற்றவே இல்லை. "இருக்கிற இடம் மாறலாம், தம்பி, கடிதம் வருகிற இடம் மாறக் கூடாது" என்பார். வலிகாமம் திரும்பும் வரையிலும் எங்களுக்கு வந்த கடிதங்களுள் ஒன்றேனும் தவறவில்லை. நான் அன்று கற்ற இப்பாடத்தையே இன்று அம்மாணவனுக்கும் கூறினேன், வாசகர்க்கும் கூறுகின்றேன்.

விண்ணப்பப் படிவங்களிலே நிரந்தர விலாசம், கடிதத் தொடர்புக்குரிய விலாசம் என இரண்டு கேட்கப்படுவதுண்டு. பலர் இரண்டிலும் ஒன்றையே எழுதிவிடுகின்றனர். முன்னையதில், கிராம உத்தியோகத்தரின் பதிவிலும் வாக்காளர் இடாப்பிலும் உள்ளதையே உண்மைப்படி எழுதுக. இல்லாத வசிப்பிடத்தை இருப்பதாகக் காட்டுதல் பிற்காலத்திலே பெருந் தொல்லையாகும். பின்னையதில், கடிதம் எங்கே தவறாது வந்து சேருமோ அவ்விடத்தை எழுதுக. இரண்டும் வேறாக இருப்பதிலே குற்றம் ஒன்றுமில்லை.

அவ்விடத்தைத் தெரிவு செய்யுங்கால் மூன்றைக் கவனித்தல் வேண்டும். அவ்வீட்டார் விரைவில் இடம் மாறாதவராதல் வேண்டும். தபாற்காரர் வரும் வேளையிற் கையொப்பமிட்டுப் பதிவுத் தபாலை ஏற்க ஒருவர் அங்கே இருத்தல் வேண்டும். கடிதம் வந்த அன்றே உமக்கு அறிவிக்கக் கூடியவராதல் வேண்டும். அவருடைய சம்மதத்தைப் பெறாமல் அவர் பெயரை எழுதுதல் முறையன்று. உமது முழுப் பெயரை முதலில் எழுதி, அதன் கீழ் 'மேற்பார்வை' என்று குறித்து அவர் பெயரை எழுதுக. தோட்டத்து விலாசத்தையே கொடுக்க வேண்டியவர்கள், தந்தை பெயரையும் பிரிவையும் லயத்து இலக்கத்தையும் விடாது சேர்த்தெழுதுவாராயின், ஒரே பெயருடையோர் இருவரிடையே கடிதம் அலைவது குறையும்.

அத்தகைய உறவோ நட்போ இல்லாதவர்க்கும் வழியுண்டு. உரியவர் வந்து கேட்கும் வரை கடிதத்தைத் தபாற் கந்தோரிலேயே வைத்திருந்து, அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுக்கும் ஒழுங்கு தபாற் பகுதியில் நெடுங்காலமாக உள்ளது. எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதைத் தபாலதிபரிடமே முன்கூட்டிக் கேட்டறிந்து கொள்க. இடம் மாறுவோர், பழைய விலாசத்துக்கு வருவனவற்றைப் புதிய இடத்துக்குத் திருப்பியனுப்புமாறு தபாற் கந்தோரில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அது சிறிது காலத்துக்குரிய உதவியே. ஒவ்வொரு காரியாலயத்துக்கும் அதன் தொடர்பு இலக்கத்தைக் குறிப்பிட்டு, விலாச மாற்றத்தைத் தனித்தனியே அறிவித்தல் இன்றியமையாதது.

இவற்றோடு ஓர் அப்பியாசக் கொப்பியும் வேண்டும். எந்த விண்ணப்பத்தை, எந்த நாளில், எங்கே அனுப்பினோம், பதிவுத் தபாற் பற்றுச்சீட்டின் இலக்கம் யாது என்பவற்றை அதிலே குறித்து வைக்க வேண்டும். வந்த கடிதத்தின் உறையையும் எறிந்துவிடலாகாது. காலந் தாழ்ந்தது நம்மால் அன்று என்பதற்கு அதன்மேலுள்ள முத்திரையே சாட்சி. கைத்தொலைபேசியும் மின்னஞ்சலும் மலிந்த இக்காலத்திலும், உரிமையையும் ஊதியத்தையும் பற்றிய செய்திகள் பல இன்னும் தாளிலேயே வருகின்றன என்பதை மாணவர்கள் மறத்தல் ஆகாது.

இனி, நிலையான வீடுடைய நமக்கும் ஒரு கடமையுண்டு. சட்டங்கள் மாறலாம், போரினால் இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரின் வாக்காளராகப் பதிவு பெறுதற்கு 2013ஆம் ஆண்டிலே தனிச் சட்டமே இயற்றப்பட்டது. எனினும் ஒரு கடிதத்தை வாங்கி, மழையில் நனையாமல் வைத்து, உரியவரைத் தேடிக் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் போதாது. ஒரு மனிதர் வேண்டும். வாடகை வீடு மாறி மாறி வாழ்வோர், விடுதி மாணவர், வெளியூரில் உழைப்போர், கணவரை இழந்து உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்போர் எனப் பலர் நம் அயலிலேயே இருக்கின்றனர். "எங்கள் விலாசத்தைக் கொடுங்கள்" என்று அவர்களுக்குச் சொல்வதால் நமக்குச் செலவு ஒன்றுமில்லை. சாவகச்சேரிக் கடைக்காரர் எங்களுக்குச் செய்தது அவ்வளவே. அவருக்கு அது சிறு செயல். எங்களுக்கோ அம்மாதங்களில் அடுப்பெரிந்தது அதனால்.

அம்மாணவன் தபால் முத்திரையோடு கூடிய உறையின் பிரதியை இணைத்து, நடந்ததை விளக்கிக் காரியாலயத்துக்கு எழுதினான். இடங்கள் நிரம்பிவிட்டன என்றும், அடுத்த முறை மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் பதில் வந்தது. போன ஆண்டு போனதுதான். அவன் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறான். இம்முறை கடித விலாசம் எங்கள் வீட்டு விலாசம். சென்ற வாரம் அவன் பெயருக்கு ஓர் உறை வந்தது. நான் கல்லூரியால் வருமுன்னரே என் மனைவி தொலைபேசியில் அவனை அழைத்து, "தம்பி, உமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டாள்.