தள்ளிவைக்கத் தெரிந்த நகரம்

ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் ஓடும் கார்களின் எண்பலகை 'எச்.எல்.' என்று தொடங்கும். 'ஹன்சா நகரம் லூபெக்' என்பதன் சுருக்கம் அது. ஹாம்பர்க்குக்கும் பிரெமனுக்கும் இதே உரிமை உண்டு. 1990-இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானபோது கிழக்கிலிருந்த ராஸ்டாக், ஸ்ட்ரால்சுண்ட், விஸ்மார், கிரைஃப்ஸ்வால்ட் ஆகிய துறைமுக ஊர்களும் 'ஹன்சா நகரம்' என்ற பட்டத்தைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டன. 1669-க்குப் பிறகு ஒருமுறைகூடக் கூடாத ஒரு வணிகர் கூட்டணியின் பெயருக்கு இன்றும் இவ்வளவு மவுசு. அது முறையாகக் கலைக்கப்படவும் இல்லை. கூட்டம் நின்றது, அவ்வளவுதான்.

லூபெக் பெரிதானதற்கு மீனும் உப்பும் காரணம். ஹோல்ஸ்டைன் பிரபு இரண்டாம் அடால்ஃப் 1143-இல் அமைத்த ஊரை 1159-இல் ஹென்றி என்ற கோமகன் மறுபடி நிறுவினான். 1226-இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் அதற்குச் சுதந்திர நகர உரிமை தந்தார். ஆனால் பட்டயங்களைவிட அதன் இருப்பிடமே முக்கியம். டிராவே ஆற்றின் வழியாகப் பால்டிக் கடல் எட்டும் தூரத்தில் இருந்தது. மேற்கே வடகடல் பக்கத்து ஹாம்பர்க் சுமார் 60 கிலோமீட்டர். தெற்கே லூனெபர்க் உப்பூற்றுகள். வடக்கே இன்றைய தென் சுவீடனின் ஸ்கேனியா கரையில் ஆண்டுதோறும் ஹெர்ரிங் மீன் கூட்டங்கூட்டமாக வந்தது. வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் இறைச்சியைத் தொடாத ஐரோப்பாவுக்கு மீன் வேண்டும். மீன் கெடாமல் போய்ச்சேர உப்பு வேண்டும். உப்பு வரும் வழியும் மீன் வரும் வழியும் சந்தித்த இடம் லூபெக். உப்பைப் படகில் கொண்டுவருவதற்காகவே நீர்ப்பிரி மேட்டைத் தாண்டிச் செல்லும் ஸ்டெக்னிட்ஸ் கால்வாயை 1398-இல் வெட்டி முடித்தார்கள். ஐரோப்பாவில் அந்த வகைக் கால்வாய்களில் அது மிகப் பழையது. ஊர் வாசலான ஹோல்ஸ்டன் கோபுரத்துக்குப் பக்கத்தில் பழைய உப்புக் கிட்டங்கிகள் ஆறும் இன்னும் ஆற்றோரமாக நிற்கின்றன.

இந்த ஊரைத் தலையாகக் கொண்டு வளர்ந்த ஹன்சா கூட்டணியை வரையறுக்கப் புகுந்தவர்கள் எல்லோருமே திணறியிருக்கிறார்கள். அதற்கு நிறுவன நாள் கிடையாது, சாசனம் கிடையாது, பொது முத்திரையோ பொதுக் கருவூலமோ நிலையான கடற்படையோ கிடையாது. 1356 முதல் லூபெக்கில் நகரப் பிரதிநிதிகளின் பேரவை கூடியது; ஆனால் பல நகரங்கள் ஆளையே அனுப்பாது. லண்டன், புரூஜ், பெர்கன், நோவ்கரோத் ஆகிய நான்கு இடங்களில் பெரிய பண்டகசாலைகள் இருந்தன. 1468-இல் ஆங்கிலேயக் கப்பல்களை டென்மார்க் பிடித்துவைத்தபோது, ஹன்சாதான் தூண்டிவிட்டது என்று லண்டனிலிருந்த ஹன்சா வணிகர் அனைவரின் சரக்கையும் இங்கிலாந்து பறிமுதல் செய்தது. மறு ஆண்டு வந்த பதில் வக்கீல் சாமர்த்தியத்தின் உச்சம்: நாங்கள் சங்கமும் இல்லை, நிறுவனமும் இல்லை, ஒரே உடம்பும் இல்லை; ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் எப்படிப் பொறுப்பாக முடியும்? சலுகை கேட்கும்போது ஒரே கூட்டம், பொறுப்பு என்று வந்தால் தனித்தனி ஊர். இந்த வழுக்கல் பலவீனமல்ல, திட்டமிட்ட பலம் என்பதே என் எண்ணம்.

இருந்தும் இந்த 'இல்லாத' அமைப்பு அரசர்களைப் பணியவைத்தது. அதன் ஆயுதம் வாளைவிட அதிகமாகத் தடைதான். 1284-இல் நார்வே அரசரோடு தகராறு வந்தபோது லூபெக்கும் அண்டைத் துறைமுகங்களும் தானியக் கப்பல்களை நிறுத்தின. வெளியிலிருந்து வரும் தானியத்தை நம்பியிருந்த நார்வே பட்டினியில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டே அரசர் நஷ்டஈடு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார். உள்ளே இருப்பவர்களுக்கும் இதே மருந்துதான். மேலே சொன்ன இங்கிலாந்துச் சச்சரவில் கொலோன் நகரம் தன் லாபத்தைப் பார்த்து ஆங்கிலேயர் பக்கம் நின்றது. 1471-இல் அதைக் கூட்டணியிலிருந்து தள்ளிவைத்தார்கள். ஊரோடு நெருப்பும் நீரும் புழங்கக் கூடாது என்று நம் கிராமங்களில் விதித்த கட்டுப்பாடு போன்றதுதான் இது. கொலோன் வணிகருக்கு எந்தப் பண்டகசாலையிலும் இடமில்லை. 1476-இல் பணிந்து திரும்பி வந்தது. இதற்குள் 1474-இல் இங்கிலாந்தே உட்ரெக்ட் ஒப்பந்தத்தில் இறங்கிவந்து லண்டன் பண்டகசாலையை ஹன்சாவின் சொந்தச் சொத்தாகவே எழுதிக்கொடுத்திருந்தது.

போரும் செய்தார்கள். டென்மார்க்கின் நான்காம் வால்டெமாரிடம் 1362-இல் தோற்றதற்காகப் படைத்தலைவராகச் சென்ற தங்கள் நகரத் தலைவர் யோஹான் விட்டன்போர்க்கையே லூபெக் சந்தைத் திடலில் தலைவெட்டினார்கள். அடுத்த போரில் வென்று, 1370-இல் ஸ்ட்ரால்சுண்ட் ஒப்பந்தத்தில் ஸ்கேனியாக் கோட்டைகளையும் அவற்றின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் 15 ஆண்டுக்கு எழுதி வாங்கினார்கள். கணக்கில் கறாரான மனிதர்கள்.

வீழ்ச்சிக் கதை அதிகம் சொல்லத் தேவையில்லை. டச்சுக் கப்பல்கள் மலிவாக ஓடின, அரசுகள் வலுத்தன, 1598-இல் முதலாம் எலிசபெத் லண்டன் பண்டகசாலையை மூடினார்.

அதற்குப் பிறகான வாழ்வுதான் வேடிக்கையானது. சாசனம் எழுதாமல் போன அமைப்பு என்பதால் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதை அதில் எழுதிக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தேசியவாதிகள் அதைத் தங்கள் கடற்படையின் மூதாதையாக்கினார்கள். 1926-இல் ஒரு விமான நிறுவனம் லுஃப்ட் ஹன்சா என்று பெயர் வைத்துக்கொண்டது. கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியிலோ 1965-இல் ராஸ்டாக்கின் கால்பந்துக் குழு 'ஹன்சா' ஆனது. வணிகர் கூட்டணியின் பெயர் அங்கே யாரையும் உறுத்தவில்லை போலும். 2018-இல் எட்டு வட ஐரோப்பிய நாடுகளின் நிதியமைச்சர்கள் சிக்கனம் பேசச் சேர்ந்தபோது பத்திரிகைகள் அவர்களைப் 'புதிய ஹன்சா' என்றன. அந்த எட்டில் ஜெர்மனி இல்லை.

லூபெக் மட்டும் பெயரைத் தவிர அனைத்தையும் இழந்துகொண்டிருந்தது. 1226-இல் கிடைத்த சுயாட்சியை, இடையில் வந்த நெப்போலியன் காலம் நீங்கலாக, காப்பாற்றி வைத்திருந்தது. 1937-இல் நாஜி அரசு அதைப் பறித்தது. 1942-இல் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பழைய நகரத்தைக் கொளுத்தின. அன்று மரியன்னை ஆலயக் கோபுரத்திலிருந்து விழுந்து உடைந்த மணிகளை இன்றும் விழுந்த இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். போர் முடிந்ததும் இரு ஜெர்மனிகளின் எல்லை ஊரின் கிழக்கு ஓரத்திலேயே வந்து நின்றது. இழந்த சுயாட்சியைத் திரும்பக் கேட்டவர்களின் கோரிக்கையை 1956-இல் அரசியல் சாசன நீதிமன்றம் நிராகரித்தது. பால்டிக்கின் நடுவீடாக இருந்த ஊர் முட்டுச்சந்து ஆகிவிட்டது.

ஆகவே மறுபிறவிக்கான ஏக்கம் லூபெக்குக்கு இயல்பு. ஆனால் முதல் அடி எடுத்துவைத்தது நெதர்லாந்தின் ஸ்வோலே. தன் 750-ஆம் ஆண்டு விழாவுக்கு 1980-இல் பழைய ஹன்சா ஊர்களை அழைத்தது; அங்கேயே நவீன ஹன்சா பிறந்தது. இன்று 16 நாடுகளில் சுமார் 190 நகரங்கள் உறுப்பினர். ஆண்டுக்கொரு நகரில் விழா, சந்தை, இசை, இளைஞர் சந்திப்பு. தலைமை லூபெக் மேயருக்கு. லூபெக்காரரான பியோர்ன் எங்ஹோல்ம் 1988-இல் மாநில முதல்வரானதும் புதிய ஹன்சா என்ற முழக்கத்தோடு பால்டிக் நாடுகளை நெருங்கினார். 2015-இல் ஐரோப்பிய ஹன்சா அருங்காட்சியகமும் லூபெக்கில் திறக்கப்பட்டது. திறந்த எல்லை, நட்பு, பன்முகம் என்று மேடைப் பேச்சுகள் நிறைந்தன. தானியத் தடையையும் கொலோனையும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். விழா மேடையில் கேட்பது அரிது.

2009-இல் நோவ்கரோத்திலும் 2019-இல் பிஸ்கோவிலும் இந்த விழா நடந்தது. இரண்டும் ரஷ்ய நகரங்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் ரஷ்ய நகரங்களின் உறுப்புரிமையைக் கூட்டமைப்பு நிறுத்திவைத்தது. விழாச் சங்கம் பழைய ஆயுதத்தைக் கையில் எடுக்க நேர்ந்தது. செய்ததில் தவறு காண எனக்கு மனமில்லை. ஆனால் இரண்டு விலக்குகளுக்கும் வித்தியாசம் பெரிது. கொலோனைத் தள்ளிவைத்தபோது அதன் கல்லாப்பெட்டி வலித்தது. பிஸ்கோவுக்கு இன்று போனது ஒரு கோடைத் திருவிழா. போரை முடிவு செய்பவர்கள் அங்கே இல்லை. கதவை மறுபக்கத்திலிருந்து அடைத்த கதையும் உண்டு. 1494-இல் மாஸ்கோவின் மூன்றாம் இவான் நோவ்கரோத் பண்டகசாலையை மூடி, அங்கிருந்த ஜெர்மன் வணிகர்களைச் சிறைப்பிடித்தான். 20 ஆண்டு பேச்சுவார்த்தைக்குப் பின் 1514-இல் அது திறந்தது. அதற்குள் வணிகம் ரிகாவுக்கும் தாலினுக்கும் நார்வாவுக்கும் நகர்ந்திருந்தது. திரும்பிவந்த லூபெக்காரர்களுக்குக் கட்டடம் கிடைத்தது, வியாபாரம் கிடைக்கவில்லை.