கண்ணை ஏமாற்றுவது கலையாகுமா?

இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் சில படங்கள் உண்டு. அசையாத படம்தான், ஆனால் உற்றுப் பார்த்தால் சுழலும். நேர்கோடுகள்தான், ஆனால் வளைந்து தெரியும். பார்ப்பவர்கள் "அட!" என்று ஒருமுறை வியந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். இதே வேலையைக் கேன்வாஸில் செய்த ஓவியர்களையும் பலர் இப்படித்தான் பார்க்கிறார்கள். "இது கண்கட்டு வித்தை, இதில் கலை எங்கே இருக்கிறது?" என்பது அறுபது வருடப் பழைய கேள்வி.

1965ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 'தி ரெஸ்பான்சிவ் ஐ' என்றொரு கண்காட்சி நடத்தியது. பொறுப்பாளர் வில்லியம் சைட்ஸ். சில வாரங்களிலேயே 1,80,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். 'ஆப்டிகல் ஆர்ட்' என்பதைச் சுருக்கி 'ஆப் ஆர்ட்' என்ற பெயர் அதற்கு முந்தைய வருடமே பத்திரிகைகளில் வந்துவிட்டது. மக்கள் கொண்டாடினார்கள். விமர்சகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ஸ்கேலும் காம்பஸும் வைத்துப் போட்ட தந்திரம், உணர்ச்சியே இல்லை என்றார்கள்.

தந்திரம் என்பது குற்றம் என்றால் ஐரோப்பிய ஓவியத்தில் பாதிக்கு மேல் தள்ளிவிட வேண்டியதுதான்! தட்டையான சுவரில் நீண்ட மண்டபத்தையும், தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் தூண்களையும் காட்டுவது தந்திரமில்லாமல் வேறென்ன? மறுமலர்ச்சிக் கால ஓவியன் தன் சுவர் தட்டையானது என்பதை மறைக்கப் பாடுபட்டான். ஆப் ஆர்ட் ஓவியர் எதையும் மறைக்கவில்லை.

பிரிட்ஜெட் ரைலி 1961ல் வரைந்த 'மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்' ஓவியத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைச் சதுரங்கள், சதுரங்கப் பலகை மாதிரி. எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே உயரம். அகலம் மட்டும் படிப்படியாகக் குறைந்து, நடுவுக்குச் சற்று வலப்பக்கம் வெறும் கீற்றாகி, மறுபடி விரிகிறது. அவ்வளவுதான். ஆனால் பலகை அந்த இடத்தில் மடிந்து பள்ளத்துக்குள் இறங்குவதுபோல் தெரிகிறது. எப்படிச் செய்தார் என்பது முழுக்கக் கண்முன்னே இருக்கிறது. தெரிந்த பிறகும் பள்ளம் போவதில்லை. மந்திரவாதியின் ரகசியம் தெரிந்துவிட்டால் வித்தை செத்துவிடும். இங்கே சாவதில்லை. வித்தைக்கும் ஓவியத்துக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான்.

ரைலி இதை ஏதோ சோதனைக்கூடத்தில் கற்றுக்கொள்ளவும் இல்லை. 1959ல் பிரெஞ்சு ஓவியர் சூராவின் ஓர் ஓவியத்தைப் பிரதி எடுத்து வரைந்து, புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கண்ணில் என்ன நடக்கிறது என்று பழகினார். ஆக, இவருடைய வேர் பழைய ஓவியத்தில்தான் இருக்கிறது.

அடுத்த குற்றச்சாட்டு, வடிவியலில் உணர்ச்சி இல்லை என்பது. ஜோசப் ஆல்பர்ஸ் 1950ல் தொடங்கி 1976ல் இறக்கும்வரை 'ஹோமேஜ் டு தி ஸ்கொயர்' என்ற ஒரே தலைப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் வரைந்தார். எல்லாமே ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த மூன்று நான்கு சதுரங்கள். மாறுவது நிறம் மட்டும். ஒரே சாம்பல் நிறம் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒருவிதமாகவும் நீலத்துக்குப் பக்கத்தில் வேறுவிதமாகவும் தெரியும். நிறத்துக்குத் தனியாக ஒரு குணம் கிடையாது, அண்டை வீட்டுக்காரரைப் பொறுத்து மாறும் என்பதைக் கால் நூற்றாண்டு பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதரை உணர்ச்சியற்றவர் என்பது எப்படி நியாயம்?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. இந்தக் கலையை நகலெடுப்பது சுலபம். 1965 கண்காட்சிக்காக நியூயார்க் போன ரைலி, தன் ஓவியத்தைப் போன்ற துணிகளைக் கடை ஜன்னல்களில் கண்டு அதிர்ந்தார். அவருடைய ஓவியத்தை விலைக்கு வாங்கிய ஓர் ஆடைத் தயாரிப்பாளரே அதைத் துணியில் அச்சடித்திருந்தார். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ரைலிக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. மாறாக, ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த விக்டர் வாசரெலி, கலை எல்லோர் வீட்டுக்கும் போகட்டும் என்று தானே பிரதிகள் செய்து பரப்பினார். 1972ல் மகன் இவராலோடு சேர்ந்து ரெனோ கார் நிறுவனத்தின் சின்னத்தையும் வடிவமைத்தார். எண்ணம் நல்லதுதான். ஆனால் எங்கும் கிடைப்பதைக் கண் நின்று பார்ப்பதில்லை. ஆப் ஆர்ட் சில வருடங்களிலேயே சுவர்த்தாளாகத் தேய்ந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

துணியில் இருப்பதும் ஓவியத்தில் இருப்பதும் ஒன்றல்ல. துணியில் வடிவம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும், எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். ரைலியின் பலகை ஓரிடத்தில் தொடங்கி, ஓரிடத்தில் மடிந்து, ஓரிடத்தில் முடிகிறது. அந்த மடிப்பை ஓர் அங்குலம் தள்ளி வைத்தால்கூட அது வேறு ஓவியம். அந்த ஓர் அங்குலத்தைத் தீர்மானிப்பது ஸ்கேல் இல்லை, ஓவியரின் கண். ஃபேஷன் ஓய்ந்தபின்னும் ரைலி நிற்கவில்லை. 1967ல் வண்ணத்துக்கு மாறினார், 1968ல் வெனிஸ் பினாலேயில் ஓவியத்துக்கான சர்வதேசப் பரிசு பெற்றார், பல பத்தாண்டுகள் தொடர்ந்து வரைந்தார்.

கண்ணை ஏமாற்றுவது மட்டும் கலையாகாது என்பது சரி. ஆனால் கண்ணால் கண்டது மெய் என்ற நம்பிக்கையை ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் அசைத்துப் பார்க்கிறது என்றால், அது ஏமாற்றுவதாகத் தோன்றவில்லை. எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறோம் என்று எச்சரிப்பதாகத்தான் தோன்றுகிறது.