பீப்பாயைக் கழுவப் போவது யார்?

தைப்பூசத்தன்று தேக்கா பக்கம் போயிருப்பீர்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை சுமார் 3 கிலோமீட்டர் நடை. வெறுங்கால், விரதமிருந்த உடம்பு, நம்மூர் வெயில். அவர்கள் தாகம் தீர்க்கத்தான் தண்ணீர்ப் பந்தல். உங்களில் பலர் அங்கே நின்று குவளை நீட்டியிருப்பீர்கள். நானும் நின்றிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பந்தலில் எனக்குக் கிடைத்தது பீப்பாய் நிரப்பும் வேலை. நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய், அடியில் திருகு குழாய். முந்தைய ஆண்டு பயன்படுத்திவிட்டு மூடி வைத்திருந்தார்கள். வெளியே துடைத்துப் பளபளவென்று இருந்தது. சந்தேகத்தில் குழாயைக் கழற்றி உள்ளே விரலைவிட்டேன். பழுப்பு நிறத்தில் ஏதோ வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. "ரெண்டு தடவ அலசி ஊத்துங்க தம்பி, போயிடும்" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன். அலசினோம். போகவில்லை. தண்ணீரை நிரப்ப வைத்திருந்த ஹோஸோ அதுவரை தரையில் கிடந்தது. அதன் முனையை மோந்து பார்த்தபோது பழைய ரப்பர் வாடையும் ஈர வாடையும் கலந்து வந்தன.

அந்தப் பந்தலில் குடித்த யாருக்கும் உடம்புக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதனால்தான் எவரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். சாலையோரம் ஒரு குவளை குடித்துவிட்டுப் போனவருக்கு இரண்டு நாள் கழித்து வயிற்றுப்போக்கு வந்தால் அவர் பீப்பாயையா நினைப்பார்? நேற்றுச் சாப்பிட்ட சாப்பாட்டைத்தான் குறை சொல்வார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தலில் குவளை நீட்ட ஆள் நிறையக் கிடைக்கிறது. பீப்பாயையும் ஹோஸையும் குழாயையும் முன்கூட்டியே முறையாகக் கழுவத்தான் ஆள் இல்லை. அந்த வேலை வேதியியல் படிக்கும் உங்களுக்கு உரியது.

"சிங்கப்பூர்த் தண்ணீர்தானே சார், குழாயிலேயே பிடித்துக் குடிக்கலாமே!" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பொதுப் பயனீட்டுக் கழகம் நமக்கு அனுப்பும் நீர் குடிக்கத் தகுந்ததுதான். அதில் குளோரமின் என்ற கிருமிநாசினியும் சிறிதளவு இருக்கிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாவது அது. வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்; குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீன் தாங்காது, கடையில் விற்கும் நீக்கி மருந்தைக் கலக்க வேண்டும். குளோரமின் வெறும் குளோரினைவிட மெதுவாக வேலை செய்யும், ஆனால் நீண்ட நேரம் தங்கும். நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக் குழாய்வரை வழியெல்லாம் காவலுக்கு வருவது அதுதான்.

ஆனால் அந்தக் காவலாள் பட்டாளம் அல்ல. வழியில் சுத்தமான தண்ணீரில் ஓரிரண்டு கிருமி வந்தால் சமாளிக்கும். அழுக்குப் பீப்பாய்க்குள் விழுந்தால் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அடுக்குமாடிக் கட்டடங்களின் தண்ணீர்த் தொட்டிகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. நல்ல தண்ணீர் என்பதற்காகத் தொட்டியை யாரும் சும்மா விடுவதில்லை. பீப்பாய்க்கு மட்டும் ஏன் சலுகை?

விரலில் ஒட்டிய அந்த வழவழப்பின் பெயர் உயிரிப்படலம். பாக்டீரியாக்கள் ஈரமான பரப்பில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பாலிசாக்கரைடுப் பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. வேறெங்கும் தேட வேண்டாம். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். அதுவும் உயிரிப்படலம்தான். வாய் கொப்பளித்தால் போகிறதா? தேய்த்தால்தான் போகும். பீப்பாயும் அப்படியே. மருந்தை ஊற்றினாலும் அது பசையின் மேல் அடுக்கோடு வினைபுரிந்து செலவாகிவிடும். உள்ளே இருப்பவை தப்பித்துக்கொள்ளும்.

சேமித்து வைக்கும் பாத்திரம் இவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். 1991இல் பெரு நாட்டில் காலரா பரவியபோது துருஹியோ நகரில் ஆய்வு செய்தார்கள். ஊற்றுமுனையிலிருந்து வீட்டுக்குப் போகப் போக நீரின் தூய்மை கெட்டுக்கொண்டே போனது. வீட்டில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டு மொண்டு குடித்தவர்களுக்கு நோய் அதிகமாக வந்தது. 1993இல் மலாவியில் மொசாம்பிக் அகதிகள் தங்கியிருந்த முகாமில் இன்னொரு சோதனை. சில குடும்பங்களுக்குக் கை நுழையாதபடி மூடியும் ஊற்றுவாயும் கொண்ட வாளிகளைக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 விழுக்காடு குறைந்தது. தண்ணீர் வந்த இடம் மாறவில்லை, வாளிதான் மாறியது.

தண்ணீரை எடுத்துச் செல்பவர்கள் எல்லாருக்கும் உள்ள தொல்லை இது. சைனாடவுனில் உள்ள கிரேத்தா ஆயர் என்ற பெயருக்கு மலாயில் 'தண்ணீர் வண்டி' என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஆன் சியாங் குன்றுப் பக்கக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டிகளில் தண்ணீர் போனதால் வந்த பெயர். (மாடுகளின் நினைவு நம் தேக்காவிலும் உண்டு: பஃபலோ ரோடு.) ஆஸ்திரேலியாவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வண்டிகளில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டியைப் பயணத்துக்கு முன் மருந்திட்டுக் கழுவுவது அங்கே பழக்கம். நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கோ உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி இருக்கிறது. குடிநீர் ஹோஸை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்தாதபோது இரு முனைகளையும் மூடி வைக்க வேண்டும், தரையில் போடக் கூடாது என்கிறது அது. இந்த விதி என் மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது; தரையில் கிடந்த அந்த ஹோஸ்தான் காரணம்.

இனி வேலைக்கு வருவோம். பெரியவர் ஒருவர் கூட இருக்க, காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். முதலில் குழாயைக் கழற்றி, வளையத்தையும் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவமும் நீண்ட தூரிகையும் கொண்டு எல்லாவற்றையும் தேயுங்கள். நுரை போக அலசுங்கள். வழவழப்பு இருக்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். பெரும்பாலானோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

அடுத்து மருந்து. வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் போதும். அதில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். லேபிளில் 5 விழுக்காடு என்று இருந்தால், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 50 மில்லிகிராம். ஆகவே ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லிலிட்டர் விட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவு கிடைக்கும். 100 லிட்டர் பீப்பாய்க்கு 100 மில்லிலிட்டர். பாட்டில் பழையதாக இருக்கக் கூடாது. சூட்டில் பிளீச் வீரியம் இழந்துவிடும். பீப்பாயைக் கழுத்துவரை நிரப்பி, குழாயைத் திறந்து அதற்குள்ளும் மருந்து நீர் வரும்படி விட்டு, மூடி 24 மணி நேரம் வையுங்கள். ஹோஸுக்குள்ளும் இதே நீரை நிரப்பி வைக்கலாம். பிறகு முழுவதும் கொட்டிவிட்டு, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இது கழுவும் நீர், குடிக்கும் நீரல்ல. குடிநீரில் குளோரின் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நீங்கள் விட்டது அதைப்போல் பத்து மடங்கு.

கெட்டிக்கார மாணவர் ஒருவர் இங்கே ஒரு யோசனை சொல்வார். பிளீச் நீரில் கிருமியைக் கொல்வதில் வல்லது ஹைப்போகுளோரஸ் அமிலம். அதற்கு மின்சுமை இல்லாததால் பாக்டீரியாவின் சுவருக்குள் எளிதில் நுழையும். ஹைப்போகுளோரைட் அயனியால் அவ்வளவு எளிதில் முடியாது. அமிலத்தன்மை கூடினால் அயனி அமிலமாக மாறும். அப்படியானால் கொஞ்சம் வினிகர் விட்டால் என்ன? விடவே கூடாது. அமிலம் மிகும்போது அதே மீள்வினை இன்னொரு படி நகர்ந்து குளோரின் வாயுவை வெளியே தள்ளும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். பாதி வேதியியல் தெரிந்தவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

பந்தல் அன்று பீப்பாய் நிழலில் இருக்கட்டும். மூடியைத் திறந்து குவளையால் மொள்ளும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள், எவ்வளவு பெரிய வரிசை நின்றாலும். ஹோஸில் முதலில் வரும் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் போடுவதாக இருந்தால் ஐஸும் தண்ணீர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதை உடைத்த கை, வைத்த தரை எல்லாம் கணக்கில் வரும். எல்லாம் முடிந்ததும் கவிழ்த்துக் காயவிட்டே எடுத்து வைக்க வேண்டும். அடியில் தேங்கும் கொஞ்சநஞ்ச நீர் ஏடிஸ் கொசுவுக்கு வீடு.

"தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம், அதில் போய் ஆய்வுக்கூடம் வைப்பதா" என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அவ்வளவு பழைய மரபு இது. கூட்டத்தில் கைக்குழந்தைகளும் எழுபது வயதுப் பாட்டிமார்களும் அதே பீப்பாயில்தான் குடிக்கிறார்கள். பந்தல் நடத்தும் குழுக்கள் பீப்பாயைக் கழுவிய தேதியையும் கழுவியவர் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பீப்பாயிலேயே ஒட்டட்டும். அதற்கு மேல் செலவு எதுவும் இல்லை.

பள்ளி அறிவியல் மன்றத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. ஒரே அளவுள்ள இரண்டு சுத்தமான பீப்பாய்களில் குழாய் நீரை நிரப்பி, ஒன்றை நிழலிலும் ஒன்றை வெயிலிலும் வையுங்கள். மூன்றாவதாக, கழுவாத ஒன்றையும் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு ஒருமுறை சோதனைப் பட்டையால் குளோரின் அளவைக் குறியுங்கள். மொத்தக் குளோரின் காட்டும் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். நம் குழாய் நீரில் இருப்பது குளோரமின் என்பதால் மற்ற வகை கிட்டத்தட்டச் சுழியத்தைக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். மூன்று கோடுகளையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு முன் அதை உங்கள் பக்கத்துப் பந்தல் குழுவிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.