அலாரம் சொல்லும் சேதி

எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு ரிட்டையர் ஆன பிறகும் அந்த அலாரம் மணி காதில் ஒலிக்கும். மணியை நிறுத்தக் கற்றுக்கொண்ட அளவுக்கு, அது என்ன சொல்கிறது என்று கேட்க நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1990-களில் ஒரு சிறிய ஊர். வெளியூர் பேச ஒரே ஒரு 2 எம்பி லைன். வினாடிக்கு 2,048 கிலோபிட், 32 டைம் ஸ்லாட், அதில் பேச்சுக்கு 30. ஒரு நாள் சாயங்காலம் ரிமோட் அலாரம் விளக்கு எரிந்தது. முப்பது சேனலும் போச்சு.

‘ரிமோட்’ என்றிருக்கிறதே, எதிர்முனையில்தான் ஃபால்ட் என்று முடிவு கட்டி, சர்வீஸ் லைனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவரோ, "சார், உங்க சிக்னலே எங்களுக்கு வரலை" என்றார். மூன்று மணி நேரம் இதே வாக்குவாதம்.

வாசலில் ஒரு பெரியவர். மகளைப் பிரசவத்துக்கு மதுரையில் சேர்த்திருந்தார். எஸ்டிடி பூத்தில் லைன் கிடைக்காமல் எங்களிடமே வந்துவிட்டார். "கிடைச்சிருமா தம்பி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் பார்த்தால், எங்கள் ரூமிலேயே டிரான்ஸ்மிட் கேபிளின் கனெக்டர் லூசாக இருந்தது. இறுக்கியதும் விளக்கு அணைந்தது. பெரியவரை எங்கள் போனிலேயே பேச வைத்தோம். பேரன் பிறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ரிமோட் அலாரம் என்றால், "நீ அனுப்புவது எனக்கு வந்து சேரவில்லை" என்று எதிர்முனை நமக்குச் சொல்வது. அது நம் காதுக்கு எட்டுகிறது என்றாலே, அவர் அனுப்பும் வழி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தேட வேண்டியது நாம் அனுப்பும் வழியை. எல்லா பிட்டும் 1 ஆக வரும் ஏஐஎஸ் வேறு. "எனக்கு முன்னாலேயே அறுந்துவிட்டது, உன் கார்டைக் கழற்றாதே" என்பது அதன் சேதி. சிக்னலே வரவில்லை என்றால் மட்டும், நமக்கு வந்து சேரும் வழியைப் பார்க்க வேண்டும்.

பயிற்சியில் அலாரங்களின் பெயரைச் சொல்லித் தந்தார்கள். எந்தத் திசையில் தேடுவது என்பதைத்தான் முதலில் சொல்லித் தந்திருக்க வேண்டும். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பைப் பார்த்ததும் ‘அக்னாலெட்ஜ்’ தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். அவர்களுக்கும் அதையே சொல்வேன். "கேட்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் காதைச் சந்தேகிக்கும் முன் நம் கேபிளைத் தொட்டுப் பாருங்கள்.