பயத்தை விற்காதீர்கள்

வீட்டுக் கணினிக்குக் காசு கொடுத்து ஆன்டி வைரஸ் வாங்காதவர்கள் தங்கள் சேமிப்பையும் குடும்பப் புகைப்படங்களையும் திருடனிடம் ஒப்படைக்கிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரை தீர்ப்பே எழுதிவிட்டது. விண்டோஸோடு வரும் பாதுகாப்பு பெயரளவுக்குத்தான். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஏமாற்று. கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பவர்கள் விலை கூடிய 'டோட்டல் செக்யூரிட்டி' வகையையே வாங்க வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது கட்டாயம். இவைதான் அதன் வாதங்கள். நான்கில் ஒன்றுகூட இன்றைய நிலைமைக்கு முன் நிற்காது. வெறும் கருத்துப் பிழை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களின் பணத்தையும் கவனத்தையும் அந்தக் கட்டுரை தவறான இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு மட்டமாக இருந்த காலம் உண்டு. 2009-இல் வந்த 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்', 2012-இல் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் சான்றிதழை இழந்தது. அப்போது வேறொன்றை வாங்கச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். அதற்கும் முந்தைய ஆண்டுகள் நம் ஊரில் பலருக்கு நினைவிருக்கும். பிரவுசிங் சென்டர் கணினியில் பென் டிரைவைச் செருகி எடுத்தால், ஃபோல்டர் படத்தைப் போர்த்திக்கொண்ட வைரஸ் ஒன்று அதில் ஏறியிருக்கும். வீட்டுக் கணினியில் செருகியதுமே ஆட்டோரன் வசதியைப் பிடித்துக்கொண்டு அது தானாக ஓடத் தொடங்கும். 1991 முதல் சென்னையில் இயங்கும் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்ற நிறுவனங்கள் அந்தக் காலத்தில் செய்தது மெய்யான தொண்டு. ஆனால் விண்டோஸ் 7 வந்தபோதே பென் டிரைவுக்கான ஆட்டோரன் நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் பழைய எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் அதே மாற்றம் அப்டேட்டாகப் போனது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் முழுமையான ஆன்டி வைரஸாக உள்ளேயே வந்துவிட்டது. சான்றிதழை மறுத்த அதே ஏவி-டெஸ்ட் ஆய்வகம், கடந்த பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் பிரிவின் ஆறு புள்ளிகளில் ஆறையும் டிஃபெண்டருக்குப் பெரும்பாலும் கொடுத்துவருகிறது. கட்டுரையாளர் 2012-இன் உண்மையை இன்றைய வாசகருக்கு விற்கிறார்.

டிஃபெண்டருக்குக் குறையே இல்லையா? உண்டு. அதன் பலத்தில் பெரும்பகுதி இணைய இணைப்பை நம்பியது. இணைப்பு இல்லாதபோது அதன் கண்டுபிடிப்புத் திறன் குறைகிறது. பெரிய கோப்புகளைப் படியெடுக்கும்போது சில போட்டி மென்பொருள்களைவிடக் கணினியை மெதுவாக்குகிறது. இணையமே இல்லாத கணினியில் பலருடைய பென் டிரைவ்களையும் வாங்கிப் போடும் ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கட்டண மென்பொருளை நானே பரிந்துரைப்பேன். கட்டுரை எழுதப்பட்டது அவருக்காக அல்ல, நடுத்தரக் குடும்பத்தின் ஒற்றை லேப்டாப்புக்காக.

இலவசம் என்றால் நம் தகவல்தான் விலை என்கிறார். டிஃபெண்டர் விண்டோஸின் விலைக்குள் அடங்கியது; விண்டோஸ் வாங்கியவர் அதற்கும் சேர்த்தே பணம் கட்டிவிட்டார். தனியாக இலவசம் தரும் நிறுவனங்களைப் பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவாஸ்ட் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாகப் பயனர்களின் இணைய நடமாட்டத்தை விற்றது 2020 ஜனவரியில் வெளிவந்தது. அந்த மாதமே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஆனால் காசு கொடுத்துவிட்டால் மரியாதை கிடைத்துவிடும் என்று அவர் அதிலிருந்து தாவுவதுதான் தவறு. 2021-இல் நார்ட்டன் 360 என்ற கட்டண மென்பொருளுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒன்று சேர்க்கப்பட்டது. அதை இயக்குவது பயனரின் விருப்பமாகத்தான் இருந்தது. இயக்கினால் கிடைத்ததில் 15 சதவீதம் நிறுவனத்துக்கு; மின்கட்டணம் பயனருக்கு. பாதுகாப்புக்கென்று பணம் கட்டியவரின் கணினியில் அதற்கு என்ன வேலை? பிறகு 2022-இல் அதே நார்ட்டனின் நிறுவனம் அவாஸ்டையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே உரிமையாளரின் கீழ். இலவசத்தை அடித்துக் கட்டணத்தைத் தூக்கிப் பிடிக்கும் கட்டுரையில் இந்தத் தகவலுக்கு ஒரு வரிகூட இடமில்லை.

புதுப்பித்தல் பற்றியும் மௌனம். முதலாண்டு தள்ளுபடி விலையை மட்டும் சொல்லிவிட்டு, இரண்டாம் ஆண்டு முழு விலை அட்டையிலிருந்து தானாகப் போகும் ஏற்பாட்டைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்லாமல் தானாகப் புதுப்பித்துப் பணம் எடுத்ததற்காக 2009-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல், மெக்காஃபி, சைமான்டெக் இரண்டிடமும் தலா 3,75,000 டாலர் வசூலித்தார். அன்றைக்கு நார்ட்டனின் உரிமையாளர் சைமான்டெக்தான்.

ஆன்டி வைரஸ் என்பது கணினியின் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் உரிமை பெற்ற நிரல். அதில் ஓட்டை விழுந்தால் மற்ற நிரல்களில் விழுவதைவிட ஆபத்து பெரிது. 2016-இல் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஆர்மண்டி, சைமான்டெக், நார்ட்டன் மென்பொருள்களில் கண்டுபிடித்த ஓட்டைக்கு ஒரு மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும். அதைத் திறக்கக்கூட வேண்டாம். அடுத்த ஆண்டு டிஃபெண்டரிலும் மோசமான ஓட்டை ஒன்றை அதே ஆர்மண்டி கண்டுபிடித்தார். சில நாட்களில் அது அடைக்கப்பட்டது. ஆக, இந்த வகை ஆபத்து எல்லோருக்கும் பொது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அப்டேட், விண்டோஸின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று எடுத்துக்கொண்டதில் எக்ஸ்பி கணினிகள் அணைந்து அணைந்து எரிந்தன. மேலும் ஒரு பாதுகாப்பு மென்பொருளை ஏற்றுவது எந்த இடரும் இல்லாத நற்செயல் என்று கட்டுரையாளர் எழுதுவது இந்த வரலாறு எதையும் அறியாத எழுத்து.

அவர் தன் வாதத்தின் உச்சமாக வைப்பது வான்னாக்ரை. 2017 மே 12 அன்று தொடங்கி 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிய அந்தத் தாக்குதலைக் காட்டித்தான் கட்டண ஆன்டி வைரஸ் வேண்டும் என்கிறார். வான்னாக்ரை நிரூபிப்பது வேறொன்றை. அது நுழைந்த வழி, கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்.எம்.பி. என்ற பழைய ஏற்பாட்டிலிருந்த ஓட்டை. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. தாக்குதலுக்கு முன் ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தது. அடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். அந்தச் சம்பவத்திலிருந்து ஒரு வீட்டுக்காரர் கற்க வேண்டியது, அப்டேட் கேட்கும்போது தள்ளிப்போடாதே என்பது மட்டும்தான். அதற்குக் காசு தேவையில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, வீட்டுப் பயனர்களில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு நீட்டிப்பு தரப்பட்டது. இந்தத் தேதிகள் லேப்டாப் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிய வேண்டியவை. இரண்டு பக்கக் கட்டுரையில் அவை இல்லை.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கூட்டம் வீடுகளுக்குள் வரும் வழியும் அவர் சொல்வது அல்ல. வீட்டுக் கணினிகளை மிக அதிகமாகத் தாக்கியவற்றில் ஒன்று 'ஸ்டாப்' என்ற குடும்பம். பூட்டிய கோப்புகளைத் திறக்க 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி. அது முக்கியமாகப் பரவியது கிராக் செய்த மென்பொருள்களின் வழியாக. விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டு நிரல், போட்டோஷாப் கிராக், விளையாட்டுக்கான கீஜென். இவற்றை ஓட்டுவதற்கு முன் ஆன்டி வைரஸை நிறுத்திவைக்கச் சொல்லும் குறிப்பும் கூடவே வரும், பயனரும் நிறுத்திவைப்பார். தன் கையாலேயே நிறுத்தியபின் அது எத்தனை ரூபாய் ஆன்டி வைரஸாக இருந்தால் என்ன? கணினிக் கடைகளில் பழைய லேப்டாப்புக்குத் திருட்டு விண்டோஸை ஏற்றிக்கொடுத்து, அதன் மேல் ஓராண்டு ஆன்டி வைரஸ் பெட்டியையும் விற்பது சர்வசாதாரணம். அப்படி ஏற்றப்பட்ட கணினியின் அடித்தளமே நம்பத்தக்கதல்ல. அந்தப் பழக்கத்தை ஒரு வார்த்தை கண்டிக்காமல் பெட்டியை மட்டும் பரிந்துரைப்பவர் யாருடைய நலனைப் பேசுகிறார்?

பூட்டப்பட்ட கோப்பை மீட்கும் உறுதியான வழி பேக்கப் ஒன்றுதான். கட்டண ஆன்டி வைரஸுக்குச் சில ஆண்டுகள் கட்டும் பணத்தில் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வந்துவிடும். வாரம் ஒருமுறை செருகி, படியெடுத்து, கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். கழற்றுவது முக்கியம், செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். டிஃபெண்டருக்குள்ளேயே ஆவணங்களையும் படங்களையும் அறிமுகமில்லாத நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் அமைப்பு 2017 முதல் இருக்கிறது. அது அணைத்த நிலையில்தான் வரும். ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய் நாமே போட வேண்டும். இதை எழுதிக் காட்டியிருந்தால் அந்தக் கட்டுரையால் யாருக்காவது பயன் இருந்திருக்கும்.

வங்கிப் பணத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் கோபப்படுத்தியது இந்தப் பகுதிதான். கதவுக்குப் பூட்டுப் போடாமல் தூங்குவோமா என்று கேட்கிறார். இன்று வீடுகளில் பணம் போகும் கதைகளை எடுத்துப் பாருங்கள். பூட்டை யாரும் உடைப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது, வீட்டுக்காரரே எழுந்துபோய்த் திறக்கிறார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவர், கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டதென்று, தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்பவர். காவல் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுபவர். திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்புபவர். இவற்றில் பெரும்பாலானவை லேப்டாப்பைத் தொடுவதே இல்லை; நடப்பது தொலைபேசியில். எனிடெஸ்க் சட்டபூர்வமான செயலி; ஆன்டி வைரஸ் பொதுவாக அதை வைரஸ் என்று சொல்லாது. பயந்துபோன மனிதர் தன் கையால் அனுப்பும் பணத்தை எந்த 'டோட்டல் செக்யூரிட்டி'யும் நிறுத்தாது.

பணம் போனபின் முதல் மணி நேரங்கள்தான் உயிர்நாடி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், திருடன் கைமாற்றிவிடுவதற்குள் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்புண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கி, வாடிக்கையாளர் இருவர் மீதும் தவறில்லாமல் மூன்றாவது ஆளால் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றது. அதன்படி, ரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டவர்களுக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவர்களுடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடி மறைக்கும் பெரியவருக்கு இந்த வேறுபாடு வாழ்நாள் சேமிப்பு. வங்கிப் பாதுகாப்பு என்று தலைப்பிட்டு எழுதிய பகுதியில் 1930 என்ற எண்ணே இல்லை. மென்பொருள் வகைகளின் விலைப் பட்டியல் இருக்கிறது.

வயதானவர்களுக்குக் கட்டாயம் என்ற வாதம் இதைவிடக் கேடானது. பிரவுசரின் மூலையில் 'உங்கள் மெக்காஃபி காலாவதியாகிவிட்டது, ஐந்து வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன' என்று எழும் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவை அந்த நிறுவனத்திலிருந்து வருபவை அல்ல. ஏதோவொரு தளத்தில் தெரியாமல் 'அனுமதி' அழுத்தியதால் வரும் அறிவிப்புகள். பிரவுசர் அமைப்பில் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். ஆன்டி வைரஸ் புதுப்பிக்கப்பட்டதாகப் பொய்யான ரசீது அனுப்பி, ரத்து செய்ய அழையுங்கள் என்று எண் கொடுத்து, அழைத்தவரின் கணினிக்குள் புகும் மோசடியும் பல ஆண்டுகளாக நடக்கிறது. இந்தத் தொழில்நுட்ப உதவி மோசடிகளின் கால் சென்டர்கள் நம் நாட்டிலேயே இயங்கின. 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களையும் சேர்த்துக்கொண்டு சி.பி.ஐ. 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சோதனை நடத்தியது. ஆன்டி வைரஸ் காலாவதியானால் எல்லாம் போய்விடும் என்று எழுபது வயதுக்காரரின் மனதில் பதியவைப்பவர், அந்த மோசடிக்காரனின் வேலையில் பாதியை முடித்துக்கொடுக்கிறார். பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்கு நேர் எதிரானது: திரையில் எது எழுந்து மிரட்டினாலும் அதில் வரும் எண்ணை அழைக்காதீர்கள், மகனையோ மகளையோ கூப்பிடுங்கள். அவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத சாதாரணக் கணக்காக மாற்றிவைத்தால், கண்டதையும் ஏற்றச் சொல்லும்போது கடவுச்சொல் கேட்டுக் கணினி ஒரு நிமிடம் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தில் பெரும்பாலான மோசடிகளுக்கு மூச்சு வாங்கும்.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே வாங்கியவர்கள் பதற வேண்டாம். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய்த் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை இன்றே நிறுத்துங்கள். கட்டிய காலம் முடியும்வரை பயன்படுத்துங்கள். முடிந்ததும், காலாவதியானதை அப்படியே விட்டுவைக்காமல் முழுவதுமாக நீக்கிவிடுங்கள். புது லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்புக்கும் இதையே செய்யுங்கள். வேறொரு ஆன்டி வைரஸ் ஏறும்போது தானாக ஒதுங்கிக்கொள்ளும் டிஃபெண்டர், அது நீங்கியதும் தானாகவே வேலைக்குத் திரும்பிவிடும். திரும்பியதா என்பதை 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.